குறை எண் 31

மஸ்கட்,
18-4-1996

அன்பு மணிமொழிக்கு,

அத்தை சந்திரகலா எழுதுகிறேன். நான் சுகம். ஆஸ்பத்திரிக்குள் ஏசி இருப்பதால் இந்த ஊர் வெயில் பகலில் தெரிவதில்லை. அண்ணன், அண்ணி, நீ மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழாம் வகுப்புப் பரீட்சை எப்படி எழுதினாய்?

உனக்கு ஒரு வேலை. வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு ஜூன் மாதம் ஆள் குடி வைக்கப் போவதாக அண்ணன் எழுதியிருக்கிறார். வருகிறவர்கள் யாரோ எவரோ. சுவரில் ஆணி அடிப்பார்கள், தரையில் உரல் உருட்டுவார்கள். காலி செய்கிற அன்றைக்கு, முன்பே இப்படித்தான் இருந்தது என்பார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன் வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே அறை அறையாகப் பார்த்து, ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டு எழுது. நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் எடுக்கும்போதே காட்டிக் கையெழுத்து வாங்குகிறவள் நீ. இதற்கு உன்னைவிடச் சரியான ஆள் இல்லை.

அப்படியே பின்பக்கத்துக் காலி இடத்தையும் அளந்துவிடு. கிழக்குச் சுவரிலிருந்து மேற்கே அண்ணன் நட்ட எல்லைக்கல் வரைக்கும். டேப் வேண்டாம். டேப் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு காலின் விரல்நுனியில் மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து நட. எத்தனை பாதம் என்று எழுது. பின்னால் எப்போது பார்க்க வேண்டுமென்றாலும் அதே காலால் அளந்துகொள்ளலாம்.

கடிதத்தை நீயே தபாலில் போடு. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை

—

திருவண்ணாமலை,
12-5-1996

அன்புள்ள அத்தைக்கு,

மணிமொழி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் இருமல், அதுவும் இப்போது கம்மி. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நேற்று காலை அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். வீடு காலியாக இருந்ததால் ஒவ்வொரு குறையையும் உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன். என் குரலே திரும்பி வந்தது. அதைக் குறையில் சேர்க்கவில்லை. முழுப் பட்டியலும் தனித்தாளில் இருக்கிறது. முக்கியமானவை மட்டும் இங்கே:

எண் 1. வாசல் கதவின் கீழ்த்தாழ்ப்பாள் தரையை உரசுகிறது. கால்வட்டக் கோடு விழுந்திருக்கிறது.

எண் 9. கூடத்து வடக்குச் சுவரில் விரிசல். என் நிலப்படப் புத்தகத்தில் பாலாறு வளைவது போலவே வளைகிறது. வரைந்து வைத்திருக்கிறேன்.

எண் 17. சமையல் மேடையின் கடப்பைக்கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு பரண்மேல் இருக்கிறது.

எண் 31. துணி துவைக்கும் தளத்துக்கு அப்பா அன்றைக்குத்தான் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார். காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்துவிட்டேன். வலது கால் தடம், ஒன்று, ஐந்து விரல்களும் தெளிவாக இருக்கின்றன. இந்தக் குறை குடிவருகிறவர்களுடையது அல்ல, என்னுடையது.

பின்பக்கத்து அளவு அறுபத்தாறு பாதம். செருப்பில்லாமல் இரண்டு முறை நடந்தேன். இரண்டு முறையும் அதே எண்.

தாத்தாவின் நிலத்தை நீங்களும் அப்பாவும் பிரித்துக்கொண்டபோது பத்திரம் எழுதவில்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் தங்கச்சிக்குள்ள இன்னாத்துக்குப் பத்திரம்? கல்லு நட்டோம், அவ்ளோதான்" என்றார். நீங்கள் அளக்கச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

அப்பா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
மணிமொழி

—

மஸ்கட்,
3-6-1996

அன்பு மணிமொழிக்கு,

நலம். உங்கள் நலனுக்கு வேண்டிக்கொள்கிறேன். பட்டியல் வந்தது. எங்கள் மேட்ரன்கூட இப்படி வார்டை ஒப்படைக்க மாட்டார். குடிவருகிறவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கு. வாடகை வாங்க அண்ணன் போகும்போது நீயும் போ. யார் வருகிறார்கள், போகிறார்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார். கேட்காதே, பார்.

எண் 31 அசிங்கமாக இருக்கும். பூசிவிடச் சொல்.

கல் அப்படியே இருக்கட்டும்.

அத்தை

—

திருவண்ணாமலை,
30-6-1996

அன்புள்ள அத்தைக்கு,

மணிமொழி வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எட்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

குடி வந்துவிட்டார்கள். கலீல் ரஹ்மான் என்பவர், டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். மனைவி அஜ்மத் பேகம். ஒரே பெண் சதஃப், பிளஸ் டூ படிக்கிறாள். பட்டியலை நான் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "பாப்பா, ஜன்னல் கம்பி ஒண்ணு சுத்துதே, அத எழுதலியே" என்றார். தரையில் ஒரு கல்லை விரலால் தட்டி, "இது உள்ள காலி. கேளு" என்றார். இரண்டும் உண்மை. 32, 33 என்று சேர்த்தேன்.

குடிவருகிறவர் தாமே வீட்டின் குறையைச் சொல்வாரா? அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று எனக்குப் புரியவில்லை. "நம்பளயே செக் பண்றாரு பாரு" என்று அப்பா சிரித்தார்.

போன ஞாயிறு நான் போனபோது முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது, நிற்பதும் உறுமுவதுமாக. நான் காதை வைத்தபோது சதஃப் கதவைத் திறந்துவிட்டாள். மோட்டார் வைத்த தையல் மெஷின். அஜ்மத் பேகம் வீட்டிலும் தைக்கிறார். வெட்கமாகிவிட்டது. புது யூனிஃபார்ம் பாவாடைக்கு அளவெடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் எடுத்துவிட்டார். கீழே மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார். துணிதான் வீண்.

எண் 31-ஐப் பூசச் சொன்னேன். அப்பா, "பாப்பா காலுதானே, இருந்துட்டுப் போவுது" என்றார்.

அப்பா உங்களை விசாரித்தார்.

மணிமொழி

—

மஸ்கட்,
25-8-1996

அன்பு மணிமொழிக்கு,

நலம், நலமறிய ஆசை. இரண்டு மாதமாக இரவு டியூட்டி, அதனால்தான் தாமதம்.

பூச மாட்டேன் என்றாரா, மறந்துவிட்டாரா? என் வீட்டில் நான் சொன்னது நடக்கவில்லை என்றால் எனக்குத் தெரிய வேண்டும். வேறென்ன சொல்கிறார்? பின்பக்கம் எதையாவது மாற்றப் போவதாகப் பேச்சு உண்டா?

அத்தை

—

திருவண்ணாமலை,
8-12-1996

அன்புள்ள அத்தைக்கு,

மணிமொழி எழுதுகிறேன். அனைவரும் நலம். தீபக் கூட்டத்தில் அம்மாவுக்கு ஒரு செருப்பு தொலைந்தது, அதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. அரைப் பரீட்சை நடக்கிறது. அதனால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தாமதத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

அக்டோபரில் அப்பாவின் நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று எல்லை தாண்டி வந்து, கொடியில் இருந்த யாரோ ஒருவருடைய பட்டு ரவிக்கையின் ஒரு கையைத் தின்றுவிட்டது. "ஒரு கைய தின்னுட்டு இன்னொரு கைய உட்டுட்டுப் போச்சே, ரெண்டையும் தின்னுருந்தா கையில்லாத ரவிக்கைன்னாவது குடுத்திருப்பேன்" என்று அஜ்மத் பேகம் அப்பாவிடம் புலம்பினார். சுவர் வைத்தால் தேவலை என்றார். அப்பா தீபத்துக்குள் எல்லையில் சுவர் கட்டிவிட்டார்.

இனி எழுதுவதை இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எல்லைக்கல் அங்கே இல்லை. அப்பா அதைப் பிடுங்கி எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துவைக்கும் கல்லாகப் போட்டிருக்கிறார். சிவப்புப் பெயிண்டில் அப்பா அன்று எழுதிய உங்கள் முதலெழுத்து பாதி அழிந்திருக்கிறது. ஏன் எடுத்தீர்கள் என்றேன். "சுவர் வந்துட்ட பிறகு கல்லு எதுக்கு?" என்றார்.

நேற்று பின்பக்கத்தை மறுபடி அளந்தேன். கிழக்குச் சுவரிலிருந்து புதுச் சுவர் வரை, செருப்பில்லாமல், குதிகாலை ஒட்டி வைத்து. அறுபத்துமூன்று. நம்ப முடியாமல் மூன்று முறை நடந்தேன். சதஃப் ஜன்னலிலிருந்து, "என்னா மொழி, பாண்டி ஆடுறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்று முறையும் அறுபத்துமூன்றுதான் அத்தை.

அப்பா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது.

மணிமொழி

—

திருவண்ணாமலை,
19-1-1997

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கல் வாழ்த்து. நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? உங்கள் வாழ்த்து அட்டை இந்த வருடம் வரவில்லை.

டிசம்பரில் எழுதிய கடிதம் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மூன்று பாதத்தை நினைத்துக்கொள்கிறேன். அப்பா எனக்கு முறுக்கு வாங்கி வந்தால், எங்கிருந்து வாங்கினார், ஏன் வாங்கினார் என்று பார்க்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள். அப்பா விசாரித்தார்.

மணிமொழி

—

திருவண்ணாமலை,
27-2-1997

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலமா என்று எழுதிவிட்டு யோசித்தேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உங்கள் வக்கீல் நோட்டீஸ் திங்கட்கிழமை வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்து, "இங்கிலீஷ்ல இன்னா போட்டுக்குது, சரியாப் படிச்சு சொல்லு" என்றார். மேற்கு எல்லையில் மூன்று பாத அகலத்துக்கு ஆக்கிரமிப்பு என்று நான்தான் படித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"பாய், கல்ல புடுங்கனப்ப பக்கத்துல நின்னவர் நீங்க ஒருத்தர்தான். மஸ்கட்டுக்கு யார் எழுதனது?"

கலீல் ரஹ்மான் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, "உங்க தங்கச்சி அட்ரஸே எனக்குத் தெரியாதுங்க. சுவரு கேட்டதே நாங்க. நாங்களே போய் எழுதுவமா?" என்றார்.

"கேட்டுக் கட்ட வெச்சுட்டு எழுதியிருக்கீங்க. அதான் எனக்குத் தாங்கல. பத்தாந்தேதிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"மார்ச் மாசங்க. பொண்ணுக்குப் பரீட்சை."

"எங்க வூட்டுலயும்தான் பரீட்சை நடக்குது" என்று சொல்லிவிட்டு அப்பா வந்துவிட்டார்.

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன். உள்ளே சதஃப் இயற்பியல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வாடகைக்கு இந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினோரு வீடு ஏறி இறங்கினார்களாம். அவளே ஒருமுறை சொன்னாள்.

அத்தை, சொன்னது அவர்கள் இல்லை என்று நீங்கள் அப்பாவுக்கு எழுத வேண்டும். உடனே எழுதுங்கள்.

மணிமொழி

—

மஸ்கட்,
14-2-1997

அன்பு மணிமொழிக்கு,

சுகம். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. எட்டு வாரம் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. பதினான்கு வருடம் மற்றவர்களின் புண்ணைக் கழுவிச் சேர்த்த காசில் கட்டிய வீடு அது. எனக்கென்று ஒரு காகிதம் கிடையாது, ஒரு கல்தான் இருந்தது. அதையும் எடுத்துவிட்டார் என்று நீ எழுதியபோது எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். நோட்டீஸ் வரும். நீ சின்னப் பெண், உனக்கு இதில் சம்பந்தம் இல்லை. யார் கேட்டாலும் நீ எனக்கு எழுதவில்லை என்றே சொல். அந்தக் குடித்தனக்காரர்கள் சொன்னதாக அண்ணன் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் எப்படியும் ஒருநாள் போகிறவர்கள்தானே. நீ உன் அப்பா வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

—

திருவண்ணாமலை,
9-3-1997

அன்புள்ள அத்தைக்கு,

மணிமொழி வணக்கம். உங்கள் கடிதம் மார்ச் ஒன்றாம் தேதி வந்தது. என் பிப்ரவரிக் கடிதம் உங்களுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் எழுதியது அது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை ஒரு வாரம் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

நேற்று அவர்கள் மூட்டை கட்டினார்கள். காலி செய்யும்போது பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதால் அப்பா என்னை அனுப்பினார். அப்பா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் எண் எண்ணாகப் படித்தேன். தாழ்ப்பாள் இப்போது உரசவில்லை, கலீல் ரஹ்மான் எண்ணெய் விட்டு ஆணியை நிமிர்த்தியிருக்கிறார். பாலாறு அப்படியே இருக்கிறது. கடப்பைக்கல் துண்டு பரண்மேல் இருக்கிறது. ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தார்கள்.

முப்பதும் முடிந்து துவைக்கும் தளத்துக்கு வந்தோம். "எண் முப்பத்தொன்று. வலது கால் தடம், ஒன்று" என்று படித்தேன்.

"வெச்சுக் காட்டு பாப்பா" என்றார் அவர். "நாங்க காலையே மாத்தி வெச்சுட்டோம்னு நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்துடப் போவுது."

அவர் சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வைத்தேன்.

பொருந்தவில்லை அத்தை. குதிகாலைச் சரியாக வைத்தால் விரல்கள் தடத்தைத் தாண்டி வெளியே கிடந்தன. கால்விரல்களை மடக்கிப் பார்த்தேன். அப்படியும் உள்ளே போகவில்லை. அஜ்மத் பேகம் என் பாவாடையைப் பார்த்து, "மூணு அங்குலமும் பிரிச்சு உட்டாச்சு, இன்னும் கணுக்கால் தெரியுது. கால் மட்டும் அப்படியே நிக்குமா?" என்றார்.

வீட்டில் இருக்கிற விரிசல், உடைசல் எல்லாவற்றையும் எழுதினேன். அளந்த காலைப் பற்றி எழுதவில்லை. அதே காலால் அளக்கலாம் என்று நீங்கள் எழுதியபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

கலீல் ரஹ்மானின் கழுத்தில் கிடந்த டேப்பைக் கேட்டு வாங்கி, தடத்தை அளந்தேன். எட்டரை அங்குலம். அறுபத்தாறால் பெருக்கினேன். ஐந்நூற்று அறுபத்தொன்று. நாற்பத்தாறு அடி ஒன்பது அங்குலம். பட்டியலின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன், இரண்டு முறை. பிறகு வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். மஸ்கட்டுக்கு எழுதியது இவர்கள் இல்லை, நான்தான் என்று சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து போய், டேப்பின் ஒரு நுனியைக் கலீல் ரஹ்மானிடம் கொடுத்து, அடையாளம் வைத்து வைத்துச் சுவரோடு சுவர் அளந்தார். நாற்பத்தேழு அடி இரண்டு அங்குலம்.

"அஞ்சு அங்குலம் ஜாஸ்தி வருதேங்க" என்றார் கலீல் ரஹ்மான்.

"கல்லுக்கு அந்தாண்ட, என் நெலத்துல சுவருக்குக் கடக்கால் தோண்டினேன். கல்லு எடுத்த இடமும் அவளுக்கே இருக்கட்டும்னு" என்றார் அப்பா. டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அளக்கச் சொல்லி அவ கேட்டாளா, நீயா அளந்தியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

அப்பா கலீல் ரஹ்மானிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "மூட்டைய அவுத்துடுங்க பாய்" என்று மட்டும் சொன்னார். "அவுக்கறோங்க. பரீட்சை முடிஞ்சதும் மறுபடி கட்டிக்கறோம்" என்றார் அவர். எனக்கு அழுகை வந்தது. சதஃப் உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மணிமொழி

—

மஸ்கட்,
26-3-1997

அன்பு மணிமொழிக்கு,

நான் நலம். நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதிவிட்டேன்.

பிப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதத்தை என்ன செய்தாய்? அண்ணன் பார்த்தாரா? அவர் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில் என்ன என்று எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் ஏதாவது சொன்னாரா? உன் கடிதத்தில் அவர் என்னை விசாரித்ததாக இல்லையே. மறந்துவிட்டாயா?

அத்தை

—

திருவண்ணாமலை,
15-6-1997

அன்புள்ள அத்தைக்கு,

மணிமொழி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அப்பாவும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டது.

அவர்கள் போன மாதம் காலி செய்தார்கள். சதஃப் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்று அவளுடைய அப்பாவின் கடைக்குப் போனபோது தெரிந்தது. சாவியோடு பட்டியலையும் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் பென்சிலால் ஒரு டிக்.

அடுத்து வருகிறவர்களுக்காகப் புதுப் பட்டியல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாவற்றையும் டேப்பால் அளந்தேன், அப்பாவிடம் கேட்டு வாங்கி, எதற்கு என்று சொல்லி. எண் 31 இருக்கிறது. அப்பா பூசவில்லை, நானும் பூசச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பிப்ரவரிக் கடிதத்தைப் பழைய பட்டியலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

புதிதாக ஒரு எண் சேர்ந்திருக்கிறது, 34. அதை அப்பா சொல்ல நான் எழுதினேன். கிணற்றடியிலிருந்த கல்லை அப்பா போன ஞாயிறு தூக்கிப் போய், பழைய குழியிலேயே நட்டுவிட்டார். சிவப்புப் பெயிண்ட் வாங்கி உங்கள் எழுத்தையும் திரும்ப எழுதினார். இப்போது கல் நிற்பது சுவரை ஒட்டி, உங்கள் பக்கத்தில். அங்கே துணி காயப்போடுகிறவர்களுக்குக் கால் இடறும்.

கடிதத்தை முடிக்கும்போது, "விசாரித்ததாக எழுதட்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டேன். முன்பெல்லாம் கேட்க வேண்டியதே இல்லை, தாமே சொல்வார்.

"முப்பத்திநாலு எழுதிட்டியா?" என்றார்.

எழுதிவிட்டேன் என்றேன்.

"அது போதும்" என்றார்.

இப்படிக்கு,
மணிமொழி